மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவர்கள்: கிள்ளான், 1941



அண்மையில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்திருந்தேன். 'எங்கள் வட்டாரத்தின் வரலாறு' என்ற தலைப்பில் ஒவ்வொருவரும் ஒரு திரட்டேடு உருவாக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் ஏடுகள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏறத்தாழ அதே படங்கள்: ராஜா அப்துல்லாவின் கிடங்கு, ராஜா மஹாடியின் கோட்டை, ஆலம் ஷா அரண்மனை, சுல்தான் சுலைமான் பள்ளிவாசல். எல்லாம் சரியான தகவல்களே. குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரே ஓர் ஏட்டில் மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டப்பட்டிருந்தது. வேட்டி கட்டிய ஒரு மனிதர் மிதிவண்டியைப் பிடித்தபடி நிற்கிறார். அதன் கீழே ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அந்த மாணவனை அழைத்துக் கேட்டேன்.

"பாட்டிதான் ஒட்டச் சொன்னாங்க, டீச்சர். அவங்களோட அப்பாவாம். தோட்டத்துல பால் வெட்டுனவராம். இது வரலாறு ஆகுமா, டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் அவனுக்குச் சரியான விடை சொல்லவில்லை. "ஆகும், உட்கார்" என்று மட்டும் சொன்னேன். அவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆற்றங்கரை நகரம்

கிள்ளானின் கதை ஆற்றிலிருந்து தொடங்குகிறது. ஈயத்துக்காகவே இந்த ஆற்றின் மீது பலருக்கும் கண் இருந்தது. 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா இங்கே ஒரு கிடங்கைக் கட்டினார். அதே ஆண்டில் அவர் அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றனர். அந்த முயற்சியிலிருந்துதான் கோலாலம்பூர் என்னும் ஊர் வளர்ந்தது. பின்னர் ராஜா மஹாடிக்கும் ராஜா அப்துல்லா தரப்பினருக்கும் மூண்ட பூசல், 1867 முதல் 1874 வரை நீடித்த கிள்ளான் போராக மாறியது. 1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது.

இதுவரை உள்ள செய்திகள் நம் மாணவர்களின் ஏடுகளில் இருக்கின்றன. இதற்குப் பிறகு நடந்தவைதாம் அவற்றில் இல்லை.

1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890இல் அது ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் வந்தது. 1901 செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. பாதை போடவும் நிலத்தைத் திருத்தவும் உழைத்தவர்களுள் தமிழர்கள் பெரும்பங்கினர். அவர்களை வரவேற்றது சதுப்பு நிலமும் கொசுவுமே. துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவி, அதை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை உண்டானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பைத் தூர்த்து வடிகால் வெட்டினால் நோய் குறையும் என்று வலியுறுத்தினார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. வடிகால்கள் வெட்டப்பட்டன. மறு ஆண்டிலேயே இறப்புகள் பெருமளவு குறைந்தன. கிள்ளானில் கிடைத்த அந்த வெற்றி உலகெங்கும் மருத்துவர்களால் பேசப்பட்டது.

மருத்துவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. ஊர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த இடைவெளி நம் கண்ணில் பட வேண்டும்.

தோட்டமும் கூலியும்

காப்பி விலை வீழ்ந்த பிறகு கிள்ளான் வட்டாரத்துத் துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் நகரைச் சுற்றிலும் ரப்பர்க் காடாயிற்று. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகும், கங்காணி முறையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர்.

விடியுமுன் பெரட்டு. பிறகு பால் வெட்டு. வெயில் ஏறியதும் பால் எடுப்பு. மாலையில் லயத்து வீடு. அதற்கு அப்பால் கள்ளுக்கடை. இந்த வட்டத்துக்குள் மூன்று தலைமுறைகள் வாழ்ந்தன.

1928இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயக் கூலி வகுக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. 1938இல் மீண்டும் கூலி குறைக்கப்பட்டபோது, உதவி பெற்று மலாயாவுக்கு ஆட்கள் செல்வதை இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் மாதம் தடை செய்தது.

பிறகு ஐரோப்பாவில் போர் மூண்டது. ரப்பருக்குத் தேவை பெருகியது. தோட்டக் கம்பெனிகளின் வருவாய் ஏறியது. ஆனால், பால் வெட்டியவரின் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. குத்தகைக்காரர்கள் வழியாக வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அதே மரத்தை வெட்டி அதிகக் கூலி பெற்றனர். அவர்களால் ஒரு தோட்டம் பிடிக்காவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போக முடிந்தது. தமிழர்களோ லயத்தோடும் கங்காணியோடும் பிணைக்கப்பட்டிருந்தனர்.

அடிபட்டுக் கிடந்த இந்த மக்களிடையே புதிய எண்ணங்களும் நுழைந்துகொண்டிருந்தன. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து தன்மானத்தைப் பற்றிப் பேசிச் சென்றார். 1937இல் நேரு வந்து, சங்கம் சேர்ந்து நில்லுங்கள் என்று அறிவுறுத்தினார். 1924இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' நாளிதழை, எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பலர் அமர்ந்து கேட்டனர். அந்த இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் என்பவர்தாம் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் முன்னணித் தலைவராக உருவெடுத்தார்.

பன்னிரண்டு கோரிக்கைகள்

1941ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் பரவியது. தொடக்கத்தில் அது கூலிப் போராட்டமே. சீனருக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனிகள் சில காசுகள் கூட்டித் தர இசைந்தன. ஏப்ரலில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர்.

ஆனால், கூலி மட்டுமே அவர்களின் குறை அன்று. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. பெற்றோர்களே, அவற்றை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

இந்தியருக்கும் சீனருக்கும் சம கூலி வேண்டும். ஐரோப்பியரைப் போல் நடந்துகொண்டு கொடுமை செய்யும் ஆசிய அலுவலர்களை நீக்கி, தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். துரைமார், கிராணிமார் எதிரே மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று வேலை வாங்குவது ஒழிய வேண்டும். குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழி வாங்கக் கூடாது. தொழிலாளர் சங்கம் அமைக்க அனுமதி வேண்டும்.

இவற்றுள் ஒன்றேனும் மிகையான கோரிக்கை என்று சொல்ல முடியுமா?

மிதிவண்டிக் கோரிக்கையைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. 1980களின் பிற்பகுதியில், நான் சிறுமியாக இருந்தபோது, அவர் என்னை மிதிவண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கடைக்கு அழைத்துப் போவார். பங்களா மேட்டை நெருங்கியதும் இறங்கிவிடுவார். வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து, பங்களாவைத் தாண்டிய பிறகுதான் மீண்டும் ஏறுவார். அப்போது அங்கே வெள்ளைக்காரத் துரை இல்லை. நாடு விடுதலை பெற்று முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. "ஏன் தாத்தா இறங்குறீங்க?" என்று கேட்டதற்கு, "மேடு ஏற முடியலம்மா" என்றார். அந்த மேடு அவ்வளவு உயரமானது அன்று என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஒருவர் தம் சொந்தக் காசில் வாங்கிய வண்டி. அதில் ஏறிச் செல்வதற்கு அனுமதி கேட்டுப் போராட வேண்டியிருந்தது!

1941 மே மாதம்

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். கிள்ளானில் தொடங்கியது சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. போர்க்காலத்தில் ரப்பர் உற்பத்தி தடைபடுவதைப் பிரிட்டிஷ் அரசு பொறுக்கவில்லை. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காவல் துறையினரோடு இராணுவமும் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் காயமுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேறு பலரும் அவ்வாறே அனுப்பப்பட்டனர்.

அந்த மாத இறுதிக்குள் தோட்டங்களில் பெரட்டு மணி வழக்கம்போல் ஒலித்தது.

ஏழு மாதங்களுக்குள், டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் வந்திறங்கினர். யார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று சொன்னார்களோ, அந்தத் துரைமார்கள் தோட்டங்களை விட்டு ஓடினர். ஜப்பானியப் படையினருள் பலர் மிதிவண்டியில் ஏறியே தெற்கு நோக்கி வந்தனர் என்பது வரலாற்றின் ஒரு விந்தை. அதனால் நம்மவர்களுக்கு விடிவு வந்துவிடவில்லை. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். 1941இல் நடந்ததைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய தலைமுறை அங்கேயே மண்ணாகிப் போயிற்று. கிள்ளான் போராட்டம் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை ஏன் கேட்டார்கள்?

ஆசிரியர் என்ற முறையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த மூன்றாவது கோரிக்கை. 'கல்வி வேண்டும்' என்று அவர்கள் கேட்கவில்லை. 'முறையான கல்வி வேண்டும்' என்று கேட்டார்கள். அந்த ஓர் அடைமொழிக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

ஏனெனில், பெயருக்குப் பள்ளிக்கூடம் அப்போதே இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டத்துக்காகப் பல தோட்டங்கள் ஒரு கொட்டகையைக் காட்டின. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர் ஆனார். எல்லா வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. சற்று வளர்ந்த பிள்ளை புல் வெட்டவோ தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவோ போய்விடும். பால் வெட்டுபவர் மகன் பால் வெட்டவே போதுமான கல்வி அது.

அந்தக் கொட்டகை போதாது என்று சொன்னவர்கள் யார்? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்களே. வேலை போகும், லயத்து வீடு போகும் என்று அறிந்தும், கூலி உயர்வோடு சேர்த்துப் பிள்ளைகளின் படிப்பையும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு, பள்ளிக்கூடத்தைச் சரி செய் என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். மிதிவண்டியில் நிமிர்ந்து உட்கார நினைத்தவர்களும் பிள்ளையைப் பலகையின் முன் உட்கார வைக்க நினைத்தவர்களும் ஒரே மனிதர்கள்தாம். அவர்களுக்கு அவை இரண்டும் தனித்தனிக் கோரிக்கைகளாக இருந்திருக்க முடியாது.

தமிழ்ப்பள்ளி என்றால் துரைமார் போட்ட பிச்சை என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோரையும் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். இந்தப் பள்ளிகளுக்காக நம் முன்னோர் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தில் உயிர் இழந்திருக்கிறார்கள்.

எஞ்சியிருக்கும் பெயர்கள்

கிள்ளானைச் சுற்றி இன்று பார்த்தால் ரப்பர் மரங்களைக் காண்பது அரிது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பிறகு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

ஆனால், தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். ஹைலண்ட்ஸ் தோட்டம், புக்கிட் ராஜா தோட்டம், நார்த் ஹம்மோக் தோட்டம், எமரால்டு தோட்டம், வல்லம்புரோசா தோட்டம். தோட்டம் போன பின்பும் பெயரில் தோட்டம் நிற்கிறது. நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று செத்தியா ஆலாம் என்னும் பெரிய குடியிருப்பு நகரம் எழுந்துள்ளது. அங்கே வீடு வாங்கும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அந்தப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நாள்தோறும் தம் சட்டையில் அந்தப் பெயரை அணிந்து செல்கிறார்கள்.

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேல் உள்ளன. பள்ளி ஒன்று மூடப்படும்போது, அந்த ஊரின் நினைவை ஏந்தி நின்ற கடைசிப் பலகையும் கழற்றப்படுகிறது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதையொட்டி வட்டார வரலாற்றுக்கு நாம் சிறிது இடம் ஒதுக்கலாம்.

"பழைய கசப்புகளைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்து வயதுப் பிள்ளையிடம் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்களே, அதன்படி மிதிவண்டியிலிருந்து தொடங்கலாம். "உன் மிதிவண்டியில் நீ போகும்போது ஒருவர் வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்றால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவற்றை அவர்களே கேட்பார்கள். வெறுப்பை வளர்ப்பது நம் நோக்கம் அன்று. கொடுமை செய்தவர்களுள் நம் மொழி பேசிய கங்காணிகளும் இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். அதுவும் வரலாறுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளையை அவர்களிடம் உட்கார வையுங்கள். ஐந்து கேள்விகள் போதும். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? அந்தத் தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் என்ன? அங்கே பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? உங்கள் வாத்தியார் யார்? எத்தனை வயதில் படிப்பை நிறுத்தினீர்கள்? விடைகளைப் பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும். 'நாலாங்கட்டை' என்று பாட்டி சொல்வதும் பெயர்ப் பலகையில் 'பத்து அம்பாட்' என்று இருப்பதும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நீங்களே காண்பீர்கள்.

மறு வாரம் அந்த மாணவனை மீண்டும் அழைத்தேன். பன்னிரண்டு கோரிக்கைகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வீட்டில் பாட்டியிடம் படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஏட்டைக் கொண்டு வந்தான். படத்தின் கீழே பென்சிலில், சற்றுக் கோணலான எழுத்தில், இப்படி எழுதியிருந்தான்:

'இவர் என் பாட்டியின் அப்பா. இது அவருடைய சொந்த மிதிவண்டி.'

முழு மதிப்பெண் கொடுத்தேன்.